வாசலில் நின்ற பரியும் அர்தபீலின் வக்ஃபு நூல்களும்

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் நடைபெறும் வகுப்பு முடிந்த வேளையில், ஓதவரும் சிறுமி ஒருத்தி தன் தாயாரின் கைபேசியை நம்மிடம் நீட்டினாள். திரையில் ஐரோப்பியர் தீட்டிய பழைய சித்திரம் ஒன்று. ஒளி சிந்தும் பெருவாயில். அதற்கு வெளியே சிறகுகளோடு ஒரு பெண். அவள் தலை கவிழ்ந்திருந்தது. அடியில் 'பாரசீகக் கதை' என்று மட்டும் எழுதியிருந்தது.

"ஹஜ்ரத், இது சொர்க்கத்தோட வாசலா? இவங்க மலக்கா? நம்ம கிதாபுல இந்தக் கதை இருக்கா?" என்று மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டாள்.

மலக்கு அல்ல என்பதை அப்போதே சொல்லிவிட்டோம். மற்ற இரண்டுக்கும் விடை தேடப் புகுந்தபோது, ஒரு படத்தின் பின்னே இவ்வளவு வரலாறு கிடக்கிறதா என்று வியந்தோம். பிறகு சற்று வருந்தவும் செய்தோம். உருவம் வரைதல் பற்றிய ஃபிக்ஹுச் சட்டம் தனியே பேசப்பட வேண்டிய பொருள். இங்கு நாம் வரலாற்றை மட்டுமே பார்க்கிறோம்.

தமிழில் 'பரி' என்றால் குதிரை. பாரசீக மொழியில் பரி என்பது சிறகுள்ள அழகிய அமானுடப் பிறவி. பழைய ஸொராஸ்திரிய நூல்களில் இச்சொல்லின் மூலவடிவம் மனிதரை வழிகெடுக்கும் தீய சூனியக்காரியைக் குறித்தது. ஈரான் இஸ்லாத்தைத் தழுவிய பின்னர், பாரசீகப் புலவர்களின் நாவில் பரி மெல்ல மெல்ல அழகின் உவமையாக மாறிவிட்டாள். ஜின் இனத்தைச் சேர்ந்தவளாகவும், சுலைமான் நபி (அலை) அவர்களின் ஏவலுக்குப் பணிந்தவளாகவும் கதை சொல்வோர் அவளை வைத்துக்கொண்டனர். இவை யாவும் கதை, அகீதா அன்று.

சிறுமி காட்டிய படத்தின் கதை, பாரசீகத்திலிருந்து நேரே வந்ததும் அன்று. அதை எழுதியவர் அயர்லாந்துக் கவிஞர் தாமஸ் மூர். 1779இல் டப்ளின் நகரில் பிறந்த கத்தோலிக்கர். கீழ்நாடுகளில் ஒருநாளும் கால் வைத்திராதவர். இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் அமர்ந்து, கீழ்த்திசை பற்றி ஐரோப்பியர் எழுதிய நூல்களையும் பயணக் குறிப்புகளையும் ஆண்டுக்கணக்கில் படித்துப் படித்து, 'லல்லா ரூக்' என்னும் காவியத்தை அவர் இயற்றினார். லாலா என்பது துலிப் மலர். ருக் என்பது கன்னம். துலிப் கன்னத்தாள் என்பது பெயரின் பொருள். பதிப்பகத்தார் எழுதி முடிக்கும் முன்னரே 3000 பவுன் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்தனர். நூல் 1817இல் வெளிவந்தது. பதிப்புக்கு மேல் பதிப்பு கண்டது.

கதை இதுதான். ஔரங்கசீப் ஆட்சியின் 11ஆம் ஆண்டில், புகாரா அரசர் அப்துல்லாஹ் தம் மகனுக்கு மனமுவந்து முடியைக் கொடுத்துவிட்டு ஹஜ்ஜுப் பயணம் புறப்பட்டு டெல்லிக்கு வருகிறார். ஔரங்கசீப்பின் மகள் லல்லா ரூக்குக்கும் புகாராவின் இளவரசருக்கும் மணம் பேசப்படுகிறது. டெல்லியிலிருந்து காஷ்மீருக்குச் செல்லும் நெடும் பயணத்தில், இளவரசியின் களைப்பு நீங்க ஃபெராமோர்ஸ் என்னும் இளம் கவிஞன் நான்கு கதைகளைச் சொல்கிறான். அவளோ கதை சொல்பவனிடமே மனத்தைப் பறிகொடுத்து, மணநாளை எண்ணி வாடுகிறாள். கடைசியில் அந்தக் கவிஞனே மாறுவேடத்தில் வந்த மணமகன் என்று தெரிகிறது.

ஔரங்கசீப்புக்கு இப்படி ஒரு மகள் இருந்ததில்லை. அவருடைய மூத்த மகள் ஜைபுன்னிஸா குர்ஆனை மனனம் செய்தவர். பாரசீகத்தில் கவிதை எழுதியவர். தந்தைக்கு எதிராகக் கிளர்ந்த தம்பி அக்பருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தமைக்காக 1681இல் சலீம்கர் கோட்டையில் அடைக்கப்பட்டு, 1702இல் மரணிக்கும்வரை அங்கேயே இருந்தார். அப்துல்லாஹ்வுக்கு மட்டும் வரலாற்றில் ஒரு நிழல் உண்டு. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் காஷ்கர் பகுதியின் ஆட்சியாளர் அப்துல்லாஹ் கான், சொந்த மகனாலேயே துரத்தப்பட்டு டெல்லிக்கு வந்தார். ஔரங்கசீப் அவரை மரியாதையுடன் வரவேற்றார். கதையில் தந்தை முடியைக் கொடுக்கிறார்; வரலாற்றில் மகன் பறித்தான்.

நான்கு கதைகளுள் முதலாவது முகன்னஃ என்பவனைப் பற்றியது. இவன் கற்பனை அல்லன். ஹாஷிம் இப்னு ஹகீம் என்னும் இவன், அப்பாஸிய கலீஃபா மஹ்தியின் காலத்தில் குராசானிலும் அதற்கு அப்பாலும் முகத்திரை அணிந்து கொண்டு தெய்வத்தன்மை கோரிய பொய்யன். மூன்றாவது கதை நம்மவரைப் புண்படுத்தக்கூடியது. அதில் ஈரானின் நெருப்பு வணக்கத்தார் வீரர்கள். அரபு முஸ்லிம்கள் கொடியவர்கள். ஆனால் மூர் அதை எழுதியபோது நினைத்தது தம் அயர்லாந்தை என்பதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆங்கில ஆட்சியை நேரே பழித்தால் வம்பு. ஆகவே ஆங்கிலேயருக்கு அரபு வேடம் போட்டார். அயர்லாந்தின் துயரத்தில் நமக்கு இரக்கம் உண்டு. எனினும் அந்த வேடத்தை நம் ஸலஃபுகளின் தோளில் மாட்டியது எவ்வகையிலும் நியாயம் அன்று என்பதே நம் கருத்து.

சிறுமியின் படத்துக்கு உரியது இரண்டாம் கதை. சொர்க்கத்துக்கு வெளியே தள்ளப்பட்ட பரி ஒருத்தி வாசலில் நின்று அழுகிறாள். வானோர் மிகவும் விரும்பும் காணிக்கையைக் கொண்டுவந்தால் வாசல் திறக்கும் என்று காவல் நிற்கும் மலக்கு சொல்கிறார். அவள் முதலில் இந்தியாவில் கஜ்னி மஹ்மூதை எதிர்த்து மடிந்த இளைஞனின் கடைசித் துளி இரத்தத்தைக் கொண்டு போகிறாள், வாசல் திறக்கவில்லை. எகிப்தில் கொள்ளைநோயால் சாகும் காதலனைக் கைவிடாமல் அவனோடு உயிர்விட்ட பெண்ணின் கடைசி மூச்சைக் கொண்டு போகிறாள், அப்போதும் திறக்கவில்லை. பிறகு சிரியாவில், பஅல்பக்கின் அருகே, பெரும் பாவங்கள் செய்த மனிதன் ஒருவன் நீர் அருந்த ஊற்றருகே வந்து நிற்கிறான். அங்கே ஒரு சிறுவன் விளையாடிக்கொண்டிருக்கிறான். மாலைப் பாங்கொலி மினாராக்களிலிருந்து எழுகிறது. சிறுவன் விளையாட்டை விட்டு இறைவனைத் தொழுகிறான். அதைக் கண்ட மனிதன், தானும் ஒரு காலத்தில் இப்படித் தொழுதவன்தானே என்று எண்ணி அழுகிறான். அந்தக் கண்ணீரைப் பரி எடுத்துச் செல்கிறாள். வாசல் திறக்கிறது.

தவ்பாவின் கண்ணீர் இரத்தத்தையும் காதலையும்விட எடையுள்ளது என்று ஒரு கிறிஸ்தவக் கவிஞர் எழுதியதைப் படித்தபோது நாம் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். அஸ்ஸுமர் அத்தியாயத்தின் 53ஆம் வசனத்தை ஓதிய எவருக்கும் இந்தக் கருத்து அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் கதையின் அடித்தளம் நம்முடையது அன்று. மூரின் பரி, வீழ்ந்த வானவர்களின் வழியில் பிறந்தவள். நமது நம்பிக்கையில் மலக்குகள் வீழ்வதில்லை. அவர்கள் அல்லாஹ்வின் கட்டளைக்கு மாறு செய்யாதவர்கள். இப்லீஸ் ஜின் இனத்தவன் என்று அல்கஹ்ஃப் அத்தியாயம் தெளிவாகச் சொல்கிறது. வீழ்ந்த வானவர் என்னும் எண்ணம் ஐரோப்பியக் கிறிஸ்தவ மரபிலிருந்து வந்தது. பாரசீக ஆடை மட்டுமே மேலே போர்த்தப்பட்டது. பிற மொழிக் கதை மரபை நம் முன்னோரும் எடுத்தாண்டனர். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து என்று அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் பெயர்களைக்கூட அப்படியே தமிழுக்குக் கொண்டு வந்தனர். ஆனால் அவர்கள் கொண்டு வந்தது தம் தீனின் பொருளையும் சேர்த்தே.

இனிப் படத்துக்கு வருவோம். பரியின் கதையைப் பலர் பலவாறு தீட்டியுள்ளனர். அவற்றுள் நாம் மிகுதியும் கவனம் செலுத்தியது பெர்லின் நகரில் தோன்றிய ஒரு படத்தொகுதி.

1821 ஜனவரி 27. பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்மின் மகள் ஷார்லட், தம் கணவரோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தார். கணவர் ரஷ்ய இளவரசர் நிக்கோலாய். அவர்களைச் சிறப்பிக்க பெர்லின் அரண்மனையில் 'லல்லா ரூக்' கதையை ஒரு விழாவாக நடத்தினர். மேடைக்காட்சிகளை அமைத்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஷிங்கெல், இசை ஸ்பொண்டினி. நடித்தவர்கள் கூலிக்கு ஆடும் கூத்தர்கள் அல்லர். அரச குடும்பத்தாரும் பிரபுக்களும். ஷார்லட்டே லல்லா ரூக். நிக்கோலாயே புகாராவின் அரசர். ஔரங்கசீப்பாக வேடம் பூண்டவர் மன்னரின் தம்பி.

நான்கு கதைகளையும் 'உயிருள்ள படங்களாக'க் காட்டினர். திரை விலகும்போது வேடமணிந்தோர் ஓவியத்தில் உள்ளவர்போல அசையாமல் நிற்பர்; பாடகர்கள் பாட்டில் கதையைச் சொல்வர்; திரை மூடும். இவ்வளவுதான். அந்நாளைய ஐரோப்பிய மாளிகைகளில் இது விருப்பமான பொழுதுபோக்கு. இக்காட்சிகளை ஒழுங்குபடுத்தியவர் 26 வயது ஓவியர் வில்ஹெல்ம் ஹென்ஸெல். விழா முடிந்ததும், இத்தனை அழகும் இதோடு மறைந்து போவதா என்று ஷார்லட் ஏங்கினாராம். மன்னர் ஹென்ஸெலை அழைத்து, வேடமணிந்த அனைவரையும் அதே கோலத்தில் தீட்டச் செய்து, அத்தொகுதியை மகளுக்கு அனுப்பிவைத்தார். 1823இல் அப்படங்கள் செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டு, தாள்களில் கையால் வண்ணம் தீட்டப்பட்டுப் பெர்லினில் நூலாக வெளிவந்தன. வண்ண அச்சு இன்னும் பரவாத காலம். ஒவ்வொரு தாளுக்கும் ஒருவர் அமர்ந்து தூரிகையால் நீர்வண்ணம் இட வேண்டும்.

பரியாக நின்றவள் எலிசா ராட்ஸிவில் என்னும் 17 வயதுப் பெண். மன்னரின் இரண்டாம் மகன் வில்ஹெல்ம் அவள்மீது மிகுந்த அன்பு கொண்டிருந்தார். ஆனால் அவள் குலம் அரச குலத்துக்குச் சமம் அன்று என்று அமைச்சர்களும் உறவினரும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர். 1826இல் மன்னர் மறுத்துவிட்டார். எலிசா மணம் முடிக்காமலே 1834இல் காசநோயால் இறந்தாள். வில்ஹெல்ம் பின்னாளில் ஜெர்மானியப் பேரரசர் ஆனார். அவர் எழுதுமேசையில் கடைசிவரை அவளுடைய சிறு படம் இருந்ததாகச் சொல்வர். படத்தில் வாசலுக்கு வெளியே நிற்கும் பெண், வாழ்விலும் அவ்வாறே நின்றுவிட்டாள். குலம் பார்த்து மணமகளை மறுக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் முற்றும் ஒழிந்துவிட்டதா என்பதை வாசகர்களே அறிவர்.

நீர்வண்ணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இக்கதைகளின் சொந்த நாட்டிலும் ஓவியங்கள் நீர்வண்ணத்தாலேயே தீட்டப்பட்டன. ஹெராத், தப்ரீஸ், புகாரா ஆகிய நகரங்களின் நூற்பட்டறைகளில் தாளை மாவுப் பசையிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினர். பதக்ஷான் மலையிலிருந்து வந்த நீலக்கல்லை அரைத்து நீலமும், செம்பின் தாதுவிலிருந்து பச்சையும், பொன்னை நுணுக்கிப் பொன்மையும் செய்தனர். வேலம் பிசினும் நீரும் சேர்த்துக் குழைத்தனர். ஐரோப்பியரின் நீர்வண்ணம் தாளின் வெண்மை ஊடுருவித் தெரியும்படி மெல்லியது. பாரசீகத்தாருடையது தாளை முற்றும் மூடும் அடர்த்தி உடையது. அங்கே எழுத்தே முதன்மை. ஓவியம் எழுத்துக்குத் துணை. காத்திப் எழுதி முடித்து விட்டுவைத்த இடத்தில்தான் ஓவியர் தூரிகையை வைப்பார்.

அத்தகைய ஓவியங்கள் பெர்லினிலேயே இருந்தன. இஸ்தான்பூலில் பிரஷ்யத் தூதராக இருந்த டீட்ஸ் என்பவர் அங்கே சேகரித்த பழம் பாரசீக ஓவியத் தொகுப்புகள், 1817இல் அவர் இறந்ததும் பெர்லின் அரச நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்நூலகம் அரண்மனையிலிருந்து நடந்து செல்லும் தூரம்தான். விழா இரவில் ஔரங்கசீப்பும் புகாரா அரசரும் மேடையில் முத்தும் பட்டும் மின்ன நின்றபோது, உண்மையான பாரசீகம் சில தெருக்களுக்கு அப்பால் அலமாரியில் மூடிக் கிடந்தது.

இதுவரை சொன்னது கதையும் கலையும். இனி வருவதுதான் நம்மை வருத்தியது.

புகாராவின் அரசராக நின்ற நிக்கோலாய் 1825இல் ரஷ்யாவின் ஜார் மன்னரானார். அடுத்த ஆண்டே ஈரானுக்கும் ரஷ்யாவுக்கும் போர் மூண்டது. போரைத் தொடங்கியது ஈரானியப் படை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முந்திய போரில் இழந்த நிலத்தை மீட்கவே அது புறப்பட்டது. ஆனால் முடிவு பெருந்தோல்வி. 1828 பிப்ரவரியில் துர்க்மன்சாய் என்னும் சிற்றூரில் கையெழுத்தான உடன்படிக்கையால் எரிவான், நக்சிவான் ஆகிய நிலங்கள் ரஷ்யாவுக்குப் போயின. அதோடு 2 கோடி ரூபிள் தண்டமும் ஈரான் கட்ட வேண்டியதாயிற்று.

அந்தப் போரின்போது ரஷ்யப் படை அர்தபீல் நகரில் நுழைந்தது. அங்கே ஷைகு ஸஃபியுத்தீன் அவர்களின் அடக்கத்தலமும் அதைச் சேர்ந்த நூலகமும் உள்ளன. 1334இல் மறைந்த இந்த ஷைகின் வழிவந்தோரே பிற்காலத்தில் ஷியாக் கொள்கையை ஏற்று ஸஃபவீ அரசை நிறுவினர். ஷைகின் காலத்து அர்தபீலோ வேறு. அங்குள்ளோரில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர், ஷைகின் முரீதுகள் என்று 14ஆம் நூற்றாண்டின் ஹம்துல்லாஹ் முஸ்தௌஃபீ எழுதியிருக்கிறார்.

ஹிஜ்ரி 1017, அதாவது கி.பி. 1608–09 வாக்கில், ஷாஹ் அப்பாஸ் தம்மிடமிருந்த பாரசீக நூல்களை இந்தத் தலத்துக்கு வக்ஃபு செய்தார். நூல்களில் வக்ஃபு முத்திரை பதிக்கப்பட்டது, நிபந்தனையும் எழுதப்பட்டது. விரும்பியவர் வந்து படிக்கலாம். ஆனால் தலத்தைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோகிறவர் இமாம் ஹுசைன் (ரலி) அவர்களின் இரத்தப் பழியில் பங்காளி ஆவார் என்பது அதன் கருத்து. கொள்கையில் அவர்களுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு யாவரும் அறிந்தது. எனினும் வக்ஃபு செய்தவரின் நிபந்தனை சட்டத்தின் வாசகத்தைப் போல மதிக்கப்பட வேண்டும் என்பது நம் மத்ரஸாக்களிலும் ஓதப்படும் விதியே.

1828இல் அந்நூல்களில் 160க்கும் மேற்பட்டவை மூட்டை கட்டப்பட்டுப் பீட்டர்ஸ்பர்க்கின் பேரரசு நூலகத்துக்கு அனுப்பப்பட்டன. பாரசீகப் பெரும் புலவர்களின் காவியங்களும் வரலாற்று நூல்களும், ஓவியம் தீட்டிய பிரதிகளும் அவற்றுள் இருந்தன. பெர்லின் விழா நடந்து ஏழு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன.

இதில் ஓவியர் ஹென்ஸெலுக்கோ, பரியாக நின்ற பெண்ணுக்கோ யாதொரு பங்கும் இல்லை. மூரும் நம்மிடம் எதையும் கவர்ந்தவர் அல்லர். நாமறிய, தவ்பாவைப் பற்றி அவரளவு உருக்கமாக எழுதிய ஐரோப்பியர் சிலரே. நிக்கோலாய்கூட நடிக்கும்போது எதையும் திட்டமிட்டிருக்க மாட்டார். ஆயினும் ஒரு சமுதாயத்தின் கதையை விரும்புவதும் அச்சமுதாயத்தை மதிப்பதும் வேறு வேறு என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். நம் பெயர்களும் ஆடைகளும் மேடையில் அழகாகத் தோன்றும்போது நாம் எளிதில் மகிழ்ந்துவிடுகிறோம். மேடையில் புகாரா அரசரும் லல்லா ரூக்குமாக நின்ற அந்தத் தம்பதியருக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு மகன் இருந்தான். பிற்காலத்து ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் அவனே. அவனுடைய ஆட்சியில், 1868இல், சமர்கந்து வீழ்ந்தது. மெய்யான புகாரா அமீர் ரஷ்யாவுக்கு அடங்கியவரானார்.

இவற்றையெல்லாம் சுருக்கி வகுப்பில் சொன்னோம். மற்றப் பிள்ளைகள் போரைப் பற்றிக் கேட்டனர். அச்சிறுமி மட்டும், "அந்தக் கிதாபுகளைத் திருப்பிக் கொடுத்துட்டாங்களா, ஹஜ்ரத்?" என்றாள். இல்லை என்றோம். 1852இல் டோர்ன் என்னும் அறிஞர் அவற்றுக்கு எண்ணிட்டுப் பட்டியல் வெளியிட்டார். பேரரசு நூலகம் இப்போது ரஷ்யத் தேசிய நூலகம் எனப்படுகிறது. நூல்கள் அங்கேயே இருக்கின்றன.

"அப்ப நாம அதைப் பார்க்கவே முடியாதா?"

அர்தபீலின் வக்ஃபு நூல்களில் மற்றொன்று இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஃபரீதுத்தீன் அத்தார் அவர்களின் 'மன்திகுத் தைர்' நூலின் பிரதி. 1487இல் ஹெராத்தில் எழுதப்பட்டது. ஷாஹ் அப்பாஸின் காலத்தில் அதில் சேர்க்கப்பட்ட ஓவியம் ஒன்றில், பறவைகள் எல்லாம் ஓடைக்கரையில் கூடித் தம் அரசனைத் தேடிப் புறப்பட ஆலோசிக்கின்றன. மயிலும் கிளியும் கொக்கும் சேவலும் இருக்கின்றன, ஹுத்ஹுத் பேசிக்கொண்டிருக்கிறது. அருங்காட்சியகத்தார் அப்பக்கத்தை இணையத்தில் எவரும் காணும்படி வைத்திருக்கின்றனர். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வோர் இறகையும் தனித்தனியே எண்ணலாம். அன்றிரவே அதைச் சிறுமியின் தாயாருடைய கைபேசிக்கு அனுப்பிவைத்தோம். மறுநாள் வகுப்புக்கு வந்தவள், ஹுத்ஹுத் எந்தப் பறவை என்று தான் கேட்காமலே கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள்.